மில்களைத் தேடி அகமதாபாத்துக்கு

வியாழன், இரவு

நவஜீவன் எக்ஸ்பிரஸ் மணிநகர் தாண்டும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சென்னையில் ஏறியவர்களில் பாதிப் பேர் சூரத்திலும் வடோதராவிலும் இறங்கிவிட்டார்கள். சன்னலோரம் உட்கார்ந்து புகைபோக்கி ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றிரண்டு தெரிந்தன. புது அடுக்குமாடிகளுக்கு நடுவே செங்கல் உருளைகளாகத் தனியே நின்றன.

கோவை பீளமேட்டில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று எங்கள் பாடப் புத்தகம் சொன்னது. இந்தியாவின் மான்செஸ்டர் என்ற பெயர் அகமதாபாத்துக்கு. அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது பல வருஷத்து ஆசை.

இங்கே முதல் மில்லை ஆரம்பித்தவர் ரண்சோட்லால் சோட்டாலால் என்ற நாகர் பிராமணர். அரசு வேலையில் இருந்தவர். அவருடைய மில் 1861 மே 30 அன்று ஓடத் தொடங்கியது. அப்போது ஊருக்கு ரயில் வரவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இயந்திரங்களைக் கம்பாத் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டிகளில் இழுத்து வந்தார்கள். வெள்ளைக்காரர் மூலதனம் இல்லாமல், உள்ளூர் வணிகர்களின் பணத்திலேயே இந்தத் தொழில் வளர்ந்தது. நல்ல காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட மில்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். 1980களிலும் 90களிலும் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

காலுப்பூர் ஸ்டேஷனை ஒட்டி இரண்டு செங்கல் மினார்கள் நிற்கின்றன. அவற்றுக்குரிய மசூதி எப்போதோ போய்விட்டது. நாளை காலை நடை இருக்கிறது, சீக்கிரம் தூங்க வேண்டும்.

வெள்ளி

காலுப்பூர் சுவாமிநாராயண் கோயில் வாசலில் காலை எட்டு மணிக்கு மாநகராட்சியின் பாரம்பரிய நடை தொடங்குகிறது. 1997 முதல் நடத்துகிறார்கள். கோயிலில் ஆரம்பித்து ஜும்மா மசூதியில் முடிகிற பாதை. 2017இல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் இதுதான்.

நடை முழுக்கப் போள்களுக்குள்தான். போள் என்றால் ஒரே வாசல் வைத்த குடியிருப்புத் தெருக்கூட்டம். இரவில் அந்த வாசலை அடைத்துவிட்டால் உள்ளே ஒரு தனி ஊர். ஒவ்வொரு போளிலும் கிணறு, கோயில், நடுவில் கம்பத்தின் மேல் சபூத்ரோ என்கிற பறவைக்கூடு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கிளிகளும் புறாக்களும் தானியத்துக்கு அடித்துக்கொள்கின்றன. வீடுகளின் முகப்பு தேக்கு மரம். தூண், போதிகை, சன்னல் சட்டம் என்று ஒரு விரற்கடை இடம்கூடச் செதுக்காமல் விட்டதில்லை. காரைக்குடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு மரவேலை புதிதல்ல. ஆனால் இத்தனை ஒடுக்கமான சந்தில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய இடத்தில், அப்படி ஒரு முகப்பை நிமிர்ந்து பார்ப்பது வேறு அனுபவம். பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் டாங்கா என்ற மழைநீர்த் தொட்டி இருக்கிறது. கூரையில் விழுகிற மழை செப்புக் குழாய் வழியே இறங்கி அங்கே சேர்கிறது. பூட்டிய வீடுகளும் நிறைய. மேல்மாடம் இற்றுத் தெருவுக்குள் சாய்ந்து நிற்கும் வீடுகளுக்கு இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜும்மா மசூதியை நகரை நிறுவிய அகமது ஷா 1424இல் கட்டி முடித்தார். உள்ளே 260 தூண்கள். அவற்றுக்கிடையே நடந்தால் மதுரையிலோ ராமேஸ்வரத்திலோ மண்டபத்தில் நடக்கிற நினைப்பு வருகிறது. கல்தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த கோயில் தூணையே இங்கும் நிறுத்தியிருக்கிறார்கள். அதன் இரண்டு பெரிய மினார்களின் மேல்பாகம் 1819 பூகம்பத்தில் விழுந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூட்டம் சேருமுன் கிளம்பிவிட்டேன்.

சிதி சையத் மசூதிக்கு மாலை வெயில் இறங்கும் நேரத்தில் போனேன். அப்படிப் போவதுதான் சரி. மேற்குச் சுவரின் ஜாலிச் சன்னல்களில், அதாவது கல்லைக் குடைந்து பின்னல்போலச் செதுக்கிய சன்னல்களில், பின்னால் இருந்து வெளிச்சம் வரும்போது கல் மறைந்து மரம் மட்டும் தெரிகிறது. மேலே அரைவட்டமான சன்னல். அதற்குள் ஒரு மரம் அடியிலிருந்து வளைந்து வளைந்து மேலேறுகிறது. கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்கின்றன, நடுவே ஒரு பனை மாதிரி நெட்டையாக நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு கிளை இன்னொன்றின் அடியில் நுழைகிற இடத்தில்கூட உளி ஆழம் மாறாமல் போயிருக்கிறது. கட்டியவர் சிதி சையத், அபிசீனியாவிலிருந்து வந்து சுல்தானின் தளபதியிடம் இருந்தவர். ஆண்டு 1573. அக்பரின் படை குஜராத்தைப் பிடித்த காலம் அது. நடுச் சன்னலில் ஜாலி இல்லை, வெறும் கல்லால் அடைத்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர் வேலை முடியுமுன் போர் வந்துவிட்டது என்று தன் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மசூதிக்கு நேர் எதிரே ஒரு மாளிகை. மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் என்ற மில் அதிபர் 1924இல் கட்டியது, இப்போது ஓட்டல். மாடிப்படி, தளத்து ஓடு, வாசல் தூண் எல்லாம் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் லக்கி டீக்கடையில் சமாதிகளுக்கு நடுவே மேசை போட்டு மஸ்கா பன்னும் டீயும் தருகிறார்கள். பச்சை வண்ணம் அடித்த சமாதிகளுக்குத் தினமும் பூ வைக்கிறார்கள். டீ நன்றாகவே இருந்தது.

இரவு மாணிக் சௌக். பகலில் தங்கம் விற்கிற தெரு, இரவில் சாப்பாட்டுத் தெரு. வெண்ணெயும் சீஸும் குவித்த தோசையைச் சாப்பிட்டேன். தோசை என்ற பெயரை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் ருசிதான்.

சனி

இன்றைய காலை முழுதும் காலிகோ ஜவுளி அருங்காட்சியகம். முன்கூட்டியே பதிவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கைபேசி, பை எல்லாம் வெளியே. புதன்கிழமை விடுமுறை. இந்தக் கெடுபிடிகளைக் கேட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

காலிகோ மில் சாராபாய் குடும்பத்துடையது. கௌதம் சாராபாயும் அவர் தங்கை கிரா சாராபாயும் 1949இல் இந்த அருங்காட்சியகத்தை அமைத்தார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்ற யோசனையைக் கொடுத்தவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் பிறந்தவர், தமிழரான முத்து குமாரசாமியின் மகன். மில் துணி கைத்தறியை ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், மில் பணத்திலேயே கைத்தறியைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

ஒரு படோலாப் புடவை முன்னால் வெகுநேரம் நின்றேன். சாதாரண இக்கத் நெசவில் பாவு நூலையோ ஊடை நூலையோ ஏதாவது ஒன்றைத்தான் கட்டிச் சாயம் போடுவார்கள். பாடன் படோலாவில் இரண்டையும். எந்த இடத்தில் சிவப்பு, எந்த இடத்தில் பச்சை என்று கணக்குப் போட்டு நூலை முடிந்து, நனைத்து, அவிழ்த்து, மறுபடி முடிந்து, அதற்கப்புறம்தான் தறியில் ஏற்றுகிறார்கள். நெய்யும்போது சிவப்புப் பாவு மேல் சிவப்பு ஊடை சரியாக வந்து உட்கார வேண்டும். இம்மி விலகினாலும் யானை யானையாக இருக்காது. நல்ல பக்கம், பின்பக்கம் என்ற பேச்சே இந்தத் துணியில் இல்லை.

அடுத்த அறையில் நம்ம ஊர்த் துணி. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன எழுத்துத் துணிகள். பூவும் கொடியுமாக ஒரு பெரிய விரிப்பு. கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்த துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு எழுதி, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, சாயவேர்ச் சாற்றில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அவுரி நீலம் ஏறக் கூடாத இடத்துக்கு மெழுகு. எத்தனை கடலைத் தாண்டிப் போய், எத்தனை வருஷம் கழித்து இங்கே தொங்குகிறது! அந்தச் சிவப்பு இன்னும் மங்கவில்லை.

இவ்வளவையும் காப்பாற்றிக் கொடுத்த காலிகோ மில் இப்போது இல்லை. 1990களில் முடிந்துபோனது. அங்கே ஓடிய ஒரு தறியையாவது, நூல் நூற்கும் ஒரு ரிங் பிரேமையாவது இந்த அருங்காட்சியகத்தில் காட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். நான் பார்த்த அறைகளில் அப்படி எதுவும் இல்லை.

மதியம் அசார்வா. இது மில் பகுதி. அதன் நடுவே தாதா ஹரிர் படிக்கிணறு. ஊருக்கு வெளியே இருக்கிற அடாலஜ் கிணற்றுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். இங்கே நான் இருந்த நேரத்தில் என்னையும் கிரிக்கெட் மட்டையோடு வந்த பையன்கள் சிலரையும் தவிர யாரும் இல்லை. பாய் ஹரிர் என்ற பெண் 1499இல் கட்டியது. சுல்தான் மகமூத் பேகடாவின் அரண்மனையைச் சேர்ந்தவர். மண்ணுக்குள் அடுக்கடுக்காக இறங்குகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் வெயில் ஒரு பங்கு குறைகிறது, காற்று ஒரு பங்கு குளிர்கிறது. சுவரில் ஒரு பக்கம் சமஸ்கிருதக் கல்வெட்டு, எதிர்ப் பக்கம் அரபி. கட்டணம் கிடையாது. அடியில் தண்ணீரும் கிடையாது.

ஞாயிறு

காந்தியின் அகமதாபாத் கோச்சரபில் தொடங்குகிறது. ஜீவன்லால் தேசாய் என்ற பாரிஸ்டரின் பங்களாவில் 1915 மே 25 அன்று ஆசிரமம் ஆரம்பித்தார். சபர்மதிக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. தமிழர்கள் கட்டாயம் வர வேண்டும். அன்று ஆசிரமத்தில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து பேர். அதில் பதின்மூன்று பேர் தமிழர்கள் என்று காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஐந்து பேர் தென்னாப்பிரிக்காவிலிருந்தே கூட வந்த இளைஞர்கள். காந்தி இந்தியாவில் அமைத்த முதல் ஆசிரமத்தில் பாதிப் பேர் பேசியது தமிழ். கீழ்த்தளத்து அறைகளில் நடந்தபோது அந்தப் பையன்கள் இந்த வடநாட்டு வெயிலில், மொழி தெரியாத ஊரில், எப்படி இருந்திருப்பார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷமே தூதாபாய் என்ற தலித் ஆசிரியரின் குடும்பத்தைக் காந்தி ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டார். நன்கொடை கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். கையில் பணம் தீர்ந்த நிலையில் ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பெயரைக் காந்தி சொல்லவில்லை. அவர் மில் அதிபர் அம்பாலால் சாராபாய் என்பது பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது.

1917இல் கோச்சரபில் பிளேக் வந்தது. ஆசிரமம் சபர்மதிக் கரைக்கு இடம் மாறியது. அதே பிளேக் சமயத்தில் தொழிலாளிகள் ஊரைவிட்டு ஓடாமல் இருக்க மில் முதலாளிகள் போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் நிறுத்தினார்கள். விலைவாசி மட்டும் இறங்கவில்லை. தொழிலாளிகள் பக்கம் 35 சதவீத உயர்வு கேட்டது, முதலாளிகள் 20 என்றார்கள். 1918 பிப்ரவரியில் கதவடைப்பு. முதலாளிகளுக்குத் தலைமை அம்பாலால் சாராபாய். தொழிலாளிகளோடு நின்றது அவருடைய சொந்த அக்கா அனசூயா. 1914இலிருந்தே மில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர்.

சபர்மதி ஆசிரமத்தில் எல்லோரும் காந்தி வாழ்ந்த வீடான இருதயகுஞ்சின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1930 மார்ச் 12 அன்று 78 பேரோடு காந்தி தண்டிக்குப் புறப்பட்ட இடம், நியாயம்தான். நான் ஆற்றுப் பக்கம் போய் நின்றேன். கதவடைப்பு நீண்டபோது தொழிலாளிகள் கையில் காசில்லை. ஆசிரமத்தின் நெசவுப் பள்ளிக்கு அடித்தளம் நிரப்ப மணல் வேண்டியிருந்தது. அந்த வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார் காந்தியின் உறவினர் மகன்லால் காந்தி. முதல் கூடையைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தது அனசூயா. மில் அதிபர் வீட்டுப் பெண்ணின் பின்னால், இந்த ஆற்றுப் பள்ளத்திலிருந்து மணல் கூடைகளோடு தொழிலாளிகள் வரிசையாக ஏறி வந்தார்கள். இப்போது அங்கே ஆற்றுப் பள்ளம் இல்லை. இரு கரையும் கான்கிரீட் சுவர், நடுவில் நர்மதைக் கால்வாய்த் தண்ணீர்.

பட்டினி நீளநீளத் தொழிலாளிகள் சோர்ந்தார்கள். நீங்கள் காரில் வந்து போகிறீர்கள், நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், எங்கள் வயிறு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது காந்தியின் காதுக்கு எட்டியது. மார்ச் 15 அன்று உண்ணாவிரதம் அறிவித்தார். மூன்று நாளில் சமரசம். நடுவர் கடைசியில் 35 சதவீதமே கொடுக்கச் சொன்னார். 1920இல் மஜூர் மகாஜன் என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் இதிலிருந்துதான் பிறந்தது. அந்தச் சங்கத்தின் மகளிர் பிரிவில் வேலை செய்த இலா பட் 1972இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஊருக்குள் காய்கறி விற்கும் பெண்களில் எத்தனையோ பேர் இன்று அதன் உறுப்பினர்கள்.

மாலையில் ஆற்றங்கரையில் குஜரி ஞாயிறுச் சந்தை. பழைய மர ஜன்னல், பித்தளைப் பூட்டு, கட்டில் கால். பழைய மரச் சாமான் குவியலில் தறியில் ஊடை நூலை ஓட்டுகிற நாடா ஒன்று, தேய்ந்துபோய்க் கிடந்தது. எந்த மில்லின் நாடாவோ. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கள்

காலையில் ஆசிரம சாலையில் மில் முதலாளிகள் சங்கக் கட்டடம். கட்டடக் கலைஞர் லே கோர்பூசியே வடிவமைத்து 1954இல் முடிந்தது. வார நாட்களில் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கலாம். தெருவிலிருந்து ஒரு நீண்ட சாய்தளம் நேராக முதல் மாடிக்கு ஏற்றிவிடுகிறது. மேற்கு முகம் முழுக்கச் சாய்த்து வைத்த கான்கிரீட் பலகைகள், பிற்பகல் வெயிலைத் தடுக்க. கிழக்கு முகம் ஆற்றைப் பார்க்கத் திறந்திருக்கிறது. அன்று ஆற்று மணலில் சாயக்காரர்கள் துணி அலசிக் காயவைத்தார்கள். மாடியில் நிற்கும் முதலாளிகளின் கண்ணுக்கு அந்தக் காட்சி படும்படி கட்டினார் கோர்பூசியே. இப்போது மணலும் இல்லை, துணியும் இல்லை. ஆனாலும் கட்டடத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளே கூட்ட அரங்கின் சுவர் மரப் பலகை போர்த்து வளைந்து வளைந்து போகிறது. உச்சி வெயிலிலும் காற்று தாராளமாக வந்துபோகிறது.

அப்புறம் ஆட்டோ பிடித்துக் கோம்திபூர். ஓட்டியவர் தலை நரைத்த பெரியவர். மில் பார்க்கணும் சாச்சா என்றதும் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். அவரே நெசவுப் பிரிவில் இருந்தவராம். மில் மூடியபின் ஆட்டோ. கூட வேலை பார்த்தவர்களில் பலரும் ஆட்டோ, தள்ளுவண்டி, வாட்ச்மேன் வேலை என்றார். சூரத்திலும் பிவண்டியிலும் விசைத்தறி மலிவாக நெய்யத் தொடங்கியது, ஜனங்கள் பாலியெஸ்டருக்கு மாறினார்கள், பழைய இயந்திரத்தை மாற்ற முதலாளிகள் காசு போடவில்லை. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். அவர் சொன்னது வேறு: "பசங்க கல்யாணத்துக்குப் பொண்ணு கேட்கப் போனா, முன்னாடி எந்த மில், எந்த ஷிப்ட்னு கேப்பாங்க. மில் பேரைச் சொன்னாப் போதும்."

ஒரு மில் வாசலில் நிறுத்தினார். வளைவு கொண்ட கல் வாசல், பூட்டிய தகரக் கதவு, இடுக்கு வழியே பார்த்தால் முட்செடிகள். பின்னால் புகைபோக்கி. அதன் உச்சியில் ஓர் அரசங்கன்று. எதிரே சாலி, அதாவது ஒரே வரிசையில் ஒற்றை அறை வீடுகள், பொதுக் குழாய். எங்கள் பீளமேட்டு லைன் வீடுகளேதான். எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. இந்த மில் எப்போது ஓடியது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இதைத்தான் இந்தப் பயணத்தில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மில் முதலாளியின் மாளிகை நிற்கிறது, அவர்கள் சங்கக் கட்டடம் நிற்கிறது, அவர்கள் சேர்த்த துணி நிற்கிறது. நல்லது, எல்லாம் நிற்க வேண்டியவைதான். ஆனால் லட்சம் பேர் உழைத்த இடங்களில் ஒன்றையாவது பஞ்சைப் பிரிக்கிற புளோ ரூமிலிருந்து துணி மடிப்புவரை முழுசாக வைத்து, ஒரு சங்கையும் நாலு தறியையும் ஓடவிட்டுக் காட்டினால் என்ன? அமெரிக்காவின் லோவெல் நகரில் பழைய பூட் மில்லின் தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அங்கே வேலை பார்த்தவர் ஏன் வீட்டிலும் உரக்கவே பேசினார் என்று பேரப்பிள்ளைக்குப் புரியும். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊருக்கு இது முடியாத காரியமல்ல. கோவைக்கும் இதையே சொல்வேன். இடிக்கிற வேகத்தைப் பார்த்தால் நமக்கு அதிக நேரம் இல்லை.

சாயங்காலம் மணிநகர், கோக்ரா பக்கம். மில் வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. இட்லி வண்டி போட்டிருந்த அம்மாவிடம் தமிழில் பேசியதும், "எந்த ஊரு தம்பி?" என்று தட்டில் ஒரு இட்லி கூடுதலாக வைத்தார். மாமனார் மில்லுக்கு வந்தவராம். இவர் கல்யாணமாகி சேலத்துப் பக்கமிருந்து வந்திருக்கிறார். மணிநகரில் தமிழ் வழிப் பள்ளி ஒன்று இருந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று 2020இல் மூடினார்கள். அன்றைய தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்கு அதுபற்றிக் கடிதமே எழுதினார். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது என்றார் அந்த அம்மா. கடைசிப் பேத்திக்கு வீட்டில் இவரே அ, ஆ சொல்லிக் கொடுக்கிறாராம். இங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை, ஊருக்குப் போனால் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முகவரி வாங்கிக்கொண்டேன்.

நாளை காலை பாடன் பஸ். ராணி கி வாவ் படிக்கிணறும் படோலாத் தறியும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.